மூன்றாம் நாள், பதினோரு மணி

என் தங்கை ஜெயித்தது ஐந்து முறை. வரிசை தப்பாமல் எழுதுகிறேன்.

முதலாவது, ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தது. எடை ஒரு கிலோ நானூற்றைம்பது கிராம். "இப்பவே பேர் வைக்காதீங்க, பொறுங்க" என்று நர்ஸ் சொன்னதால் நாற்பது நாள் பெயரில்லாமல் கிடந்தாள். பொறுக்க முடியாமல் நான் வைத்த பெயர்தான் குண்டூசி. இன்றைக்கும் வீட்டில் அதுதான். இரண்டாவது, பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவளுக்கு அறிவியல் பிரிவில் இடம் கிடையாது என்று தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு வெளியே மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து, கணக்குப் போட்டுக்கொண்டே இருந்து, இடம் வாங்கினாள். மூன்றாவது, மருத்துவ நுழைவுத் தேர்வு. முதல் முறை பதினோரு மார்க்கில் போயிற்று. இரண்டாம் முறை ஒரே மார்க்கில். மூன்றாம் முறை, இரண்டாவது பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. கடைசியானால் என்ன, பட்டியலில் இருந்ததா இல்லையா? நான்காவது, பிணம் அறுக்கும் வகுப்பில் முதல் நாளே மயங்கி விழுந்தாள். "நீ டைப்பிஸ்ட் வேலைக்குப் போம்மா" என்று சொன்ன அதே பேராசிரியர் கையால் அதே பாடத்துக்குப் பரிசு வாங்கினாள்.

ஐந்தாவதுதான் பெரியது. நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு பேருந்துப் பணிமனையில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போயிற்று, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவது என் வேலை. சின்ன வயதில் அப்பாவுக்கு வெளியூர் வேலை, அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட். ஆகவே குண்டூசியின் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டவன் நான்தான். நூலகப் படிவம், சுற்றுலா அனுமதி, விடுதிப் படிவம் எல்லாம் சேர்த்து அவளுக்காக நான் போட்ட கையெழுத்து நாற்பத்தேழு.

படித்து முடித்ததும் எங்கள் பகுதியிலேயே ஒரு குடும்ப மருத்துவரிடம் சேர்ந்தாள். அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். பெயின்ட் கடைக்கு மேலே இரண்டு அறை, ஏறிப்போகப் பதினாறு படி. வெளி அறையில் எட்டு நாற்காலி, ஒரு எடை மெஷின், எப்போதும் நான்கு நிமிடம் வேகமாக ஓடும் ஒரு கடிகாரம். அதை நான் போகும்போதெல்லாம் சரி செய்வேன், மறுபடி ஓடிவிடும். உள் அறையைத் திரைபோட்டு இரண்டாக்கி, ஒரு பக்கம் பெரிய டாக்டர், மறு பக்கம் என் தங்கை. மருந்துச் சீட்டில் அவர் பெயர்தான் அச்சாகியிருக்கும். இவள் கீழே இரண்டு எழுத்தைக் கிறுக்குவாள். சான்றிதழ் என்றால் அந்தக் கிறுக்கலும் கிடையாது. அவர் பெயர், அவர் முத்திரை, அவர் கையெழுத்து.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. வெகு காலத்துக்கு முன் யாரோ ஒருவன் முதுகுவலி என்று அழுது அவரிடம் விடுப்புச் சான்றிதழ் வாங்கிப் போய், அந்த விடுப்பில் கால்பந்துப் போட்டியில் கோல் அடித்து, படம் பத்திரிகையில் வந்துவிட்டது. பெரிய டாக்டரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் தெரியாத நோய்க்கு அவர் பேனாவைத் திறப்பதில்லை.

இந்த நிலையில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு வந்தது, போனது. பத்து நாளில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிலர் மட்டும் எழவில்லை.

எங்கள் பணிமனையில் எழாதவர் மீசை. பதினான்காம் தடத்து ஓட்டுநர். முகத்தில் பாதி மீசைதான், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருடத்தில் அவர் வண்டி மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதமானது நான்கே தடவை. நான்கும் என் பதிவேட்டில் இருக்கிறது. காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்தார். அடுத்த மாதம் ஒரு நாள் நாற்பது பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். கண்டக்டர் ஓடிவந்து கேட்டால், "அடுத்த ஸ்டாப் எதுன்னு தெரியலப்பா" என்றாராம். ஒன்பது வருடம் ஓட்டிய தடம்.

நானே அவரைப் பதினாறு படி ஏற்றி என் தங்கையிடம் கொண்டுபோய் விட்டேன். ரத்தம், இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல. படுத்தே கெடந்தா உடம்பு மறந்துடும். தினமும் கொஞ்சம் நடங்க. இன்னைக்குப் பத்து நிமிஷம்னா அடுத்த வாரம் பதினஞ்சு. கூட்டிக்கிட்டே போங்க" என்றாள்.

புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னாள். அவரும் சொன்ன நேரத்துக்கு வண்டி ஓட்டுகிற ஆள். நடக்க முடிந்த நாளெல்லாம் ஒரு நிமிடம் குறைக்காமல் நடந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்டுவார். வரும்போதெல்லாம் முகம் கழுவி, மீசை முறுக்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கையை அழுத்திப் பார்த்தால் பலம் இருக்கும். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய டாக்டர், "ஆள் நல்லாத்தான்மா இருக்கான். மனசுதான் விட்டுப்போச்சு" என்பார்.

நான்காவது தடவை மீசை வரவில்லை. அவர் மனைவி வந்தார். நான் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன், அதனால் முழுவதும் கேட்டேன்.

"டாக்டரம்மா, நீங்க இதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரைப் பாத்ததே இல்ல."

"என்னக்கா சொல்றீங்க? மூணு தடவை பாத்திருக்கேனே?"

"நீங்க பாத்தது, உங்ககிட்ட வர்றதுக்காக நாலு நாள் அசையாமப் படுத்துக் கெடந்து சேத்துவச்ச ஆளை. ஒப்பனை போட்டு அனுப்புன மாதிரி. உங்க மாடிப்படி ஏறி எறங்கி வீட்டுக்கு வந்து, அன்னைக்கு நல்லாத்தான் இருப்பார். மறுநாளும் சமாளிச்சுடுவார். அதுக்கும் அடுத்த நாள் வந்து பாருங்க, தெரியும். தண்ணி டம்ளரைக்கூட நான்தான் பிடிக்கணும். நடக்கச் சொன்னீங்களே, நடந்து நடந்துதான் இப்படி ஆனார். இதையா நல்லா இருக்கார்ங்கறீங்க?"

வெளி அறையில் எட்டு நாற்காலியும் நிரம்பியிருந்தது. பெரிய டாக்டர் திரையை விலக்கிப் பார்த்தார். என் தங்கைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"அக்கா, கடைசியா அவர் எப்ப வெளிய போனார்?"

"முந்தாநாள். உங்க நடைக்கு."

"அப்ப இன்னைக்குத்தானே மூணாம் நாள்? வாங்க, போலாம்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மீசையின் வீடு அடுத்த தெருவில், தரைத்தளம். ஜன்னலில் போர்வை தொங்கியது. கண்மேல் ஈரத்துண்டு போட்டு அவர் படுத்திருந்தார். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்த சத்தத்துக்கு உடம்பு முழுக்க அதிர்ந்தது. மாடி அறையில் என் தங்கை கையை நசுக்குவது போல் பிடித்த மனிதர், அவள் நீட்டிய விரலைச் சுற்றி விரலை மடக்க முயன்றார். மடங்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சன்னமான குரலில், "நான் நடக்கச் சொன்னது தப்பு. என் தப்பு. இனிமே நடக்காதீங்க" என்றாள்.

துண்டுக்கு அடியிலிருந்து மீசை கேட்டார்: "அப்ப... நான் நடிக்கலன்னு... நம்புறீங்களா?"

"கண்ணால பாத்துட்டேனே."

துண்டு ஏற்கெனவே ஈரம். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் என் தங்கை நடக்கவில்லை, பறந்தாள். "அண்ணா, புரியுதா? தெம்பு இருக்கற அன்னைக்குத்தான் இவங்களால டாக்டர்கிட்ட வரவே முடியும். நாம நல்ல நாளை மட்டுமே பாத்துட்டு, நோயே இல்லன்னு சொல்லிட்டிருக்கோம். அடி ஒரு நாள் விழுது, வலி மூணாம் நாள் தெரியுது! உன்கிட்ட மணி போட்ட வெறும் தாள் இருக்குல்ல, வண்டி எழுதற தாள்? நூறு குடு."

"எதுக்குடி நூறு?"

"வண்டிக்குப் பதிலா ஆளை எழுதப் போறேன்."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பின் எழாதவர்கள் யார் வந்து போனாலும், மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவளே போன் போடுவாள். பதினோரு பேர் இருந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு தையல்காரப் பெண், கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர், இப்படி. என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்கு, இப்போது எப்படி என்று கேட்டு, தெம்பு ஏறியதையும் இறங்கியதையும் என் தாளில் கோடாக வரைவாள். பள்ளி ஆசிரியையின் கணவர் முதல் போனை எடுத்து, "டாக்டரா? டாக்டருங்க நமக்குப் போன் பண்ணுவாங்களா? யாருங்க வெளையாடறது?" என்று வைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் பதினோரு தாளிலும் ஒரே மாதிரி பள்ளம், மூன்றாம் நாளில். தாள்களைத் தரையில் பரப்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு நோய் தெரியாது, ஆனால் தாள் படிக்கத் தெரியும்.

மருந்து இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். களைப்பதற்கு முன்னாலேயே நிறுத்து என்பதுதான் அவள் சொன்னது. மீசை குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளித்தார். படுத்துக்கொண்டே பேசினார். "அந்த மீசையைத் தூக்கிக்கிட்டு அலையறதே பாதிக் களைப்பு, எடுத்துடுங்களேன்" என்று என் தங்கை கிண்டல் செய்தபோது, "உயிரை வேணா எடுங்க டாக்டரம்மா" என்றார். மாதத்தில் ஆறு முறை படுக்கையில் விழுந்தவர் இரண்டு முறையாகக் குறைந்தார். குணமாகவில்லை. ஆனால் அவ்வளவு குறைந்தது.

அதற்குள் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு தீர்ந்துவிட்டது, ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று டாக்டர்கள் கொண்ட மருத்துவக் குழு முன் வர வேண்டும். தகுதி உண்டு என்றால் மறுநாளே ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். தகுதி இல்லை என்று குழு எழுதினால் மட்டுமே உட்கார்ந்த இடத்து மாற்றுப் பணி கிடைக்கும்.

என் தங்கை அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை நீங்க பாஸ் ஆயிடுவீங்க. அதான் பிரச்சனை. மூணாம் நாள் திரும்பச் சோதிக்கச் சொல்லி நான் கேக்கறேன். ஆனா முதல் நாள் முழுசா செஞ்சாத்தான் மூணாம் நாள் தெரியும். அப்புறம் ரெண்டு வாரம் எழுந்திருக்க முடியாமப் போகலாம். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, வேற வழி பாப்போம்."

"ரெண்டு வாரம் படுக்கணும்னா படுக்கறேன். பொய்யன்ற பேரோட படுக்க மாட்டேன்" என்றார் மீசை. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு வண்டி நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

நான் என் பங்குக்கு விதிப் புத்தகத்தை மதிய இடைவேளைகளில் மூன்று முறை படித்தேன். பரிசோதனை என்றிருந்தது. ஒரு நாள் என்று எங்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை குழு அறையில் நீள மேசை, மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பவர். ஒரு பலகை மேல் முப்பது தடவை ஏறி இறங்கச் சொன்னார்கள். மீசை ஏறி இறங்கினார். கையால் அழுத்தினால் முள் நகரும் கருவியைக் கொடுத்தார்கள். நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரி வரை படித்தார்.

தலைவர் சிரித்தார். "என்னப்பா, என்னைவிட நீ நல்லா இருக்கே. நாளைக்கே வண்டியை எடுக்கலாம் போலிருக்கே?"

என் தங்கை எழுந்தாள். "சார், நீங்க சொல்றது சரி. இன்னைக்கு இவர் நல்லாத்தான் இருக்கார்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். நோயாளியின் டாக்டர் இப்படிச் சொல்வார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இதே சோதனை, இதே கருவி, இன்னொரு தடவை செய்யுங்க. அன்னைக்கும் இவர் இப்படியே இருந்தா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"வழக்கமா ஒரே நாள்தானேம்மா?"

"வழக்கம் சார். விதி இல்ல. எங்க அண்ணன் மூணு தடவை படிச்சுட்டார்."

தலைவர் என்னைப் பார்த்தார். என் காது சூடேறியது. "இவரா? இவர் படிச்சா சரியாத்தான் இருக்கும். பதிவேட்டுல அரை நிமிஷம் விடாத மனுஷன்" என்றார் எங்கள் பணிமனைக்கு வந்துபோகும் பக்கத்து டாக்டர். பதினோரு தாள்களையும் என் தங்கை மேசையில் வைத்தாள். தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "சரி, வியாழக்கிழமை. எனக்கும் பாக்கணும்போல இருக்கு" என்றார்.

புதன்கிழமை நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. அவர் மனைவிக்கு மூன்று முறை போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார்" என்றார் காலையில். "இன்னும் நல்லாத்தான் இருக்கார்" என்றார் மதியம், குரலே இல்லாமல். நல்லா இருக்கிறார் என்ற செய்திக்கு இரண்டு பேரும் அப்படிப் பயந்தது அன்றுதான். மாலை ஆறு இருபதுக்கு, "பல்ப் வெளிச்சம் கண்ணைக் குத்துதாம்" என்றார். நான் "ஆகா!" என்று கத்திவிட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளினேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மீசை முறுக்காமல் தொங்கியது. கருவியைக் கையில் கொடுத்தார்கள். இருபத்திரண்டு. பதினேழு. பதினொன்று. பலகையில் நான்கு முறை ஏறியதும் தலைவரே ஓடிவந்து தோளைத் தாங்கிக்கொண்டார். கண் அட்டையில் எழுத்து தெரிந்தது, ஆனால் இரண்டாவது வரி எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு நாளைக்கு முன்னாடி இவரை நாற்பது பேரோட வண்டியில ஏத்தப் பாத்தோமே" என்றார் கடைசியில். "மாற்றுப் பணி குடுத்துடலாம். ஆனா ரிப்போர்ட் எல்லாம் சுத்தமா இருக்கேம்மா. எங்க முடிவோட சேக்க, சிகிச்சை தர்ற டாக்டர் எழுதின சான்றிதழ் ஒண்ணு வேணும். என்ன நோய், ஏன் ஓட்டக் கூடாதுன்னு. பேர், பதிவு எண், கையெழுத்து. பன்னெண்டு மணிக்கு நாங்க எழுந்திருக்கணும்."

மணி பதினொன்று முப்பத்தெட்டு. தாழ்வாரத்தில் நின்று அவள் பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். எண்களைச் சொன்னாள்.

"பதினொண்ணா? நாற்பத்தொண்ணுலேர்ந்தா?"

"ஆமா சார்."

"நான் மனசுன்னு சொன்னேனே."

"நான் நடக்கச் சொன்னேனே சார்."

"என் பேரைப் போடாதேம்மா. நான் அந்த மூணாம் நாளைப் பாக்கல. பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் தொடர்ந்தார்: "பாத்தது நீ. உனக்குப் பேர் இல்லையா என்ன? வச்சுடறேன், இங்க எட்டு நாற்காலியும் ரொம்பியிருக்கு."

அச்சடித்த தாள் ஏது அவளிடம்? என் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த வண்டித் தாள் ஒன்றுதான் இருந்தது. திருப்பினால் வெறும் பக்கம். தாழ்வாரத்து ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினாள். காய்ச்சலுக்குப் பின் தொடரும் நோய், நடிப்பல்ல, உழைப்புக்குப் பின் மூன்றாம் நாளில் கூடுகிறது, நானே நேரில் கண்டேன், இவர் வாகனம் ஓட்டக் கூடாது. பதினொரு வரி. கடைசியில் பேனா நின்றது.

"என்னடி?"

"முழுப் பேரையும் போட்டதே இல்லண்ணா இந்த மாதிரித் தாள்ல. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நான்தான் நிக்கணும்."

"நில்லு. தலைமையாசிரியர் கதவுக்கு முன்னாடி நிக்கலையா?"

"அது உக்காந்தேன்" என்றாள், சிரித்துக்கொண்டே.

நாற்காலியிலிருந்து மீசை மெல்லக் கேட்டார்: "டைம்கீப்பரே... மணி என்ன?"

"பதினொண்ணு அம்பத்தொண்ணு."

"லேட் ஆக்காதீங்க டாக்டரம்மா. எனக்குப் பழக்கமில்ல."

அவர் இப்போது என் அறையில்தான், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், சாய்வு நாற்காலியில் அமர்ந்து வண்டிகளின் நேரத்தைச் சொல்கிறார்; நான் எழுதுகிறேன். இப்போதும் சில வாரம் படுக்கையில் விழுகிறார். என் தங்கை இன்னும் மூன்றாம் நாள் போன் போடுகிறாள், இப்போது முப்பத்து நான்கு பேருக்கு. பெரிய டாக்டரும் திரைக்கு அந்தப் பக்கம் தன் நோயாளிகளுக்குப் போன் போடுவது கேட்கிறது, எப்போதும் நான்கு நிமிடம் முன்னதாக.

ஆனால் அந்த ஜன்னல் கட்டைக்கு முன்னால் நின்றபோது நான் இதையெல்லாம் அறியவில்லை. நாற்பத்தேழு முறை அவளுக்காகக் கையெழுத்துப் போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் தாளை இடது கையால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, கிறுக்காமல், தன் முழுப் பெயரை எழுதிக் கீழே கோடு போட்டாள். தேதி போட மறந்துவிட்டாள். நான் சொன்னதும் எழுதினாள்: ஜூலை 11, வியாழக்கிழமை.